நொட்டாங்கைக்காரனுக்கு ரைஃபிள் தேடுறது ஏன் இவ்ளோ பாடு?

சுபுஹு தொழுதுட்டு கீழக்கரை ஜெட்டி பக்கம் டீக்கடைல உக்காந்திருக்கேன், மெல்போர்ன்ல இருந்து வாட்ஸ்அப் கால். லாத்தா மாப்பிள்ளை, அதாவது அக்கா வீட்டுக்காரரு. மச்சான் அங்க போயி பன்னெண்டு வருஷம் ஆச்சு, இப்போ கூட வேலை பாக்குறவங்களோட சேந்து மான் வேட்டைக்கு போகப்போறாராம், லைசென்ஸ் கூட வாங்கியாச்சாம், ஆனா துப்பாக்கிக் கடைல போயி நின்னா செவுரு பூரா ரைஃபிள் மாட்டி வச்சிருக்கான், அதுல இவருக்கு தோதா ஒன்னு ரெண்டு தான் தேறுதாம். "மாப்ள, நீயும் நொட்டாங்கை தானடா, தூண்டில் ரீலு ராடு விக்கிறவன் வேற, ஏன்டா நமக்குன்னு ஒருத்தனும் ஒழுங்கா செய்ய மாட்டேங்குறான்"னு கேட்டாரு. டீ ஆறிப்போச்சு, பேச்சு முடியல. அவர்கிட்ட வாயால சொன்னத இங்க கொஞ்சம் வெவரமா எழுதுறேன், ஏன்னா நம்ம ஊருப் புள்ளைக வெளிநாட்டுல நெறைய பேரு இருக்கீங்க, இங்கயும் ஏர் ரைஃபிள் பழகுற பசங்க இருக்காங்க, இடதுகைக்காரன் எல்லா ஊர்லயும் பத்துல ஒருத்தன் இருக்கத்தான் செய்றான்.

மொதல்ல பிரச்சனை என்னன்னு புரிஞ்சுக்கணும். வேட்டை ரைஃபிள்ல பெரும்பாலானது போல்ட் ஆக்‌ஷன். அதாவது கதவுக்கு தாழ்ப்பா போடுற மாதிரி ஒரு இரும்புக் கம்பி, பக்கத்துல ஒரு கைப்பிடி, அத தூக்கி பின்னாடி இழுத்தா சுட்ட தோட்டாவோட காலிக் கூடு வெளிய தெறிக்கும், முன்னாடி தள்ளி அமுக்குனா அடுத்த தோட்டா உள்ள போயி பூட்டிக்கும். அந்தக் கைப்பிடி வலது பக்கம். காலிக் கூடு வெளிய வர்ற வழியும் வலது பக்கம். வலதுகைக்காரன் சோத்தாங்கைல ட்ரிக்கர் அமுக்கிட்டு அதே கைய ரெண்டு இஞ்சு தூக்கி போல்ட்ட இழுத்துக்குவான், இடது கை முன்னாடி கட்டைய தாங்கிட்டு அசையாம இருக்கும், கண்ணு ஸ்கோப்ப (குறி பாக்க மேல மாட்டுற தூரக்கண்ணாடிய) விட்டு வெலகாது. இப்போ நம்மாளு இடது தோள்ல வச்சு இடது கைல ட்ரிக்கர் அமுக்குறான்னு வைங்க. அடுத்த தோட்டா போடணும்னா இடது கைய எடுத்து ஸ்கோப்புக்கு மேல தாண்டி அந்தப் பக்கம் போயி கைப்பிடிய தேடணும், துப்பாக்கி ஆடும், தலைய தூக்கணும், அதுக்குள்ள மானு அடுத்த மலைக்கு போயிரும். இல்லன்னா முன்னாடி தாங்குற வலது கைய எடுத்து இழுக்கணும், அப்போ துப்பாக்கிய தாங்க ஆளு இல்ல.

இன்னொன்னு இருக்கு, அது பலபேருக்கு தோணாது. வலது தோள்ல வச்சா மூஞ்சி கட்டையோட இடது பக்கம் சாஞ்சிருக்கும். இடது தோள்ல வச்சா மூஞ்சி வலது பக்கம் வந்துரும், அதாவது சூடான கூடு தெறிக்கிற அதே பக்கம். போல்ட் ஆக்‌ஷன்ல நாமளே கையால இழுக்குறதால பரவால்ல, தானா லோடு ஆகுற செமி ஆட்டோமேட்டிக்ல கண்ணு முன்னாடியே பறக்கும். எப்பவாச்சும் தோட்டாக் கூடு கிழிஞ்சு கேஸ் பின்னாடி வந்தாலும் அந்த ஓட்டை பக்கம் தான் நம்ம கன்னம். கண்ணாடி போடாம இடது தோள்ல சுடாதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான். பிரிட்டிஷ் ஆர்மிக்கு 1985-ல வந்த எஸ்.ஏ.80 துப்பாக்கி இந்த விஷயத்துல உச்சம், அதோட தோட்டா அறை ட்ரிக்கருக்கும் பின்னாடி கன்னத்துக்கு நேரா இருக்கு, இடது தோள்ல வச்சு சுட்டா கூடு மூஞ்சில தான் அடிக்கும், அதனால இடதுகைக்கார சோல்ஜரும் வலதுல தான் சுட்டாகணும், வேற வழியே கெடையாது.

எனக்கே இது காலேஜ்ல என்.சி.சி.ல தான் தெரிஞ்சுச்சு. பாயிண்ட் டூ டூ ரைஃபிள் (குழல் ஓட்டை 0.22 இஞ்சு, சைசு அப்டித்தான் சொல்வாங்க), இருபத்தஞ்சு மீட்டர் ரேஞ்ச், தரையில குப்புறப் படுத்து சுடணும். நான் பழக்கதோஷத்துல இடது பக்கம் சாஞ்சு படுத்தேன், பின்னாடி இருந்து ஒரு சத்தம், "ஏய், கண்ணாடில பாத்த மாதிரி படுத்திருக்கான் பாரு". எல்லாரும் சிரிச்சாங்க. சுட சொல்லிக்குடுக்குறவரு வலதுல மாத்தி படுக்க வச்சாரு. இடது கண்ண மூடு, வலது கண்ணால பாருன்னாரு. எனக்கு இடது கண்ண மட்டும் தனியா மூடவே வராது, கைக்குட்டைய மடிச்சு கட்டிக்கிட்டு சுட்டேன். அஞ்சு தோட்டால மூணு தான் பேப்பர்ல விழுந்துச்சு, அதுவும் தெச தெசைக்கு ஒன்னு. அவரை குத்தம் சொல்லல, அம்பது பேர வரிசையா படுக்க வச்சு சுட வைக்கிறவருக்கு ஒருத்தன் மட்டும் எதிர்ப்பக்கம் சாஞ்சா பயமாத்தான் இருக்கும்.

உண்மையில இந்த வரிசை தான் எல்லாத்துக்கும் மூலம். மல்லாக்கா யோசிச்சுப் பாத்தா, ஆயுதத்துக்கு எப்போ கை வந்துச்சு? ராம்நாட்ல ராமலிங்க விலாசம் அரண்மனைக்கு போயிருப்பீங்க, சேதுபதி காலத்து ஆயுதம் எல்லாம் வச்சிருக்காங்க. நம்ம பக்கத்து ஆயுதம்னா வளரி, பிறை மாதிரி வளைஞ்சு ஒரு முனை கனமா இருக்கும், ஓடுற மானோட கால பாத்து எறிவாங்க. மருது பாண்டியர்கள்ல சின்ன மருது தான் தனக்கு வளரி எறிய சொல்லிக்குடுத்தாருன்னு ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரியே எழுதி வச்சிருக்கான். அந்த வளரிக்கு இடது வலது கெடையாது, எந்தக் கைல புடிச்சாலும் ஒரே வாட்டம். ஈட்டி, வில்லு, வாளு எல்லாம் ஏறக்குறைய அப்டித்தான். மெஷின் உள்ள வந்ததும் தான் ஆயுதத்துக்கு சோத்தாங்கை மொளச்சுச்சு.

பழைய கல்துப்பாக்கில தீப்பொறி உண்டாக்குற குதிரையும் மருந்து வைக்கிற சின்னத் தட்டும் குழலோட வலது பக்கம் இருக்கும். விசைய அமுக்குனா அந்தத் தட்டுல இருக்குற மருந்து பக்குனு பத்தும், பக்கவாட்டுல நெருப்பு தெறிக்கும். பட்டாளத்துல தோளோட தோளு ஒட்டி மூணு வரிசையா நிப்பாங்க. எல்லாரும் ஒரே தோள்ல வச்சா தான் நெருப்பு ஒரே பக்கம் போகும், ஒருத்தன் மட்டும் இடது தோள்ல வச்சான்னா அந்த நெருப்பு அவன் கண்ணுக்கே வரும். அதனால பட்டாளத்துல கைய கேக்கவே இல்ல, எல்லாரும் வலது. நம்ம பக்கம் இன்னமும் லைசென்ஸோட வச்சிருக்குற கேப்பு போட்டு சுடுற ஒத்தக்குழல் நாட்டுத்துப்பாக்கிலயும் பாருங்க, குதிரை வலது பக்கம் தான் இருக்கும்.

அப்புறம் போல்ட் வந்துச்சு. ஜெர்மனியில மவுசர் 1898-ல செஞ்ச மாடல் தான் இன்னைக்கு இருக்குற முக்காவாசி வேட்டை ரைஃபிளுக்கு பாட்டன். இங்கிலீஷ்காரன் பக்கம் லீ என்ஃபீல்டு, நாம திரீ நாட் திரீன்னு சொல்றது, 1895-ல பட்டாளத்துக்கு வந்தது, அப்புறம் நம்ம நாட்டுலயே மேற்கு வங்காளம் இஷாப்பூர் ஃபேக்டரில வருஷக்கணக்கா செஞ்சாங்க, ரொம்ப காலம் நம்ம போலீஸ் ஸ்டேஷன்ல பாத்த துப்பாக்கி அதான். இதெல்லாம் ஆர்மிக்காக லட்சக்கணக்குல செஞ்சது, அங்க இடதுகைன்னு ஒரு ஆளே கெடையாது. ரெண்டு உலகப்போர் முடிஞ்சதும் மிஞ்சிப்போன துப்பாக்கிய சல்லிசா வித்தாங்க, கட்டைய செதுக்கி குழல வெட்டி வேட்டைத் துப்பாக்கியா மாத்திக்கிட்டாங்க, புதுசா செஞ்ச கம்பெனியும் அதே மவுசர் அச்ச வச்சு தான் செஞ்சான். ஆக வேட்டைக்காரன் கைல இருக்குறது ஒரு வகைல பட்டாளத்தோட மிச்சம். இஷாப்பூர் ஃபேக்டரி வெளி ஆளுங்களுக்கு செஞ்சு விக்கிற பாயிண்ட் 315 ஸ்போர்ட்டிங் ரைஃபிளும் அதே லீ என்ஃபீல்டு வம்சம் தான், போல்ட்டு வலது பக்கம்.

இடது கைக்குன்னு ஃபேக்டரியிலயே பெரிய அளவுல செஞ்சு கடைக்கு அனுப்புனதுன்னா அது அமெரிக்காவுல சாவேஜ் கம்பெனி. 1958-ல 110-ன்னு ஒரு ரைஃபிள் விட்டான், வெலை 109 டாலர் 95 சென்ட், அதனால தான் அந்தப் பேரு (நம்ம பாட்டா செருப்பு வெலை மாதிரி அஞ்சு பைசா கொறச்சு போடுற கணக்கு). அடுத்த வருஷமே 1959-ல அதுக்கு இடதுகை வெர்ஷன். அவனால மட்டும் எப்படி முடிஞ்சுச்சுன்னா அந்த ரைஃபிளே சிக்கனமா செய்யணும்னு யோசிச்சு செஞ்சது, உள்ளுக்குள்ள நெளிவு சுளிவு கம்மி, ஆக்‌ஷனோட ஒடம்பு, அதாவது போல்ட் ஓடுற பாகம், ஒரு உருண்டைக் குழாய் மாதிரி, குழல முறுக்கி ஒரு நட்டு போட்டு நிறுத்திருவான். அப்டி இருந்தா எதிர்ப்பக்கம் வெட்டுறதும் சுளுவு. அதுக்கு முன்னாடி இடதுகைக்காரன் பணம் இருந்தா தனியா ஒரு கம்மியர்கிட்ட குடுத்து மவுசர மாத்தி செஞ்சுக்கணும், இல்லாதவன் மேல தாண்டி தான் இழுக்கணும்.

சரி, 1959-லயே ஆரம்பிச்சாச்சு, அப்போ இன்னைக்கு ஏன் இன்னும் தட்டுப்பாடு? இங்க தான் மச்சானுக்கு என் கடைய வச்சு வெளக்குனேன்.

நான் ராமநாதபுரத்துல தூண்டில் சாமான் கடை வச்சிருக்கேன். ரீல் ரெண்டு ஜாதி. ஸ்பின்னிங் ரீல்ல கைப்பிடிய கழட்டி அந்தப் பக்கம் மாட்டிக்கலாம், ஒரு திருகு தான், இடது கைக்காரன் வந்தாலும் வலது கைக்காரன் வந்தாலும் அதே டப்பாவ தூக்கி குடுத்துருவேன். பெய்ட்காஸ்டர் அப்டி இல்ல, பல்சக்கரம், பிரேக்கு எல்லாம் ஒரு பக்கமா அடைச்சு செஞ்சது, இடது கைப்பிடி வேணும்னா இடதாவே செஞ்சத தான் வாங்கணும். ரைஃபிள்லயும் அதே கதை. போல்ட்டோட கைப்பிடிய மட்டும் கழட்டி அந்தப் பக்கம் மாட்ட முடியாது, ஆக்‌ஷனோட ஒடம்புல அதுக்கு வெட்டுன பள்ளம், கூடு தெறிக்கிற ஜன்னல், கூட்ட புடிச்சு இழுக்குற கொக்கி, கட்டைல செதுக்குன எடம், எல்லாமே கண்ணாடி பிம்பமா திரும்பி செய்யணும். ரைஃபிள் ஒரு பெய்ட்காஸ்டர்.

ஆரம்பத்துல எனக்கும் ஒரு வீம்பு, நம்மள மாதிரி ஆளுங்களுக்கு நாமளே வைக்கலன்னா யாரு வைப்பான்னு இடது கைப்பிடி பெய்ட்காஸ்டர் ரெண்டு எறக்குனேன். ஒரு வருஷத்துக்கு மேல தூசி. அந்த காசுக்கு வலது ரீலு எறக்கிருந்தா நாலு தடவ வித்து நாலு தடவ எறக்கிருப்பேன். இப்போ துப்பாக்கிக் கடைக்காரன் நெலமைய யோசிங்க. ஒரு மாடல்னா தோட்டா சைசு ஏழெட்டு, குழல் நீளம் ரெண்டு மூணு, கட்டை மரமா பிளாஸ்டிக்கா, இதெல்லாம் பெருக்கிப் பாத்தா வலதுக்கே முப்பது நாப்பது டப்பா வந்துரும், அத அப்டியே ரெட்டிப்பாக்கி பத்துல ஒருத்தன் வருவான்னு வைக்க எவனுக்கு தெம்பு இருக்கு? அந்தப் பத்துல ஒருத்தனும் முழுசா வர்றதில்ல. சின்ன வயசுல அத்தா (அப்பா) துப்பாக்கில பழகுனவன், அது வலது துப்பாக்கி, வலதுலயே பழகிட்டான். ஆர்மில இருந்து வந்தவனும் அப்டித்தான். வாங்க வர்ற ஆளு கொறையுறதால செய்ற சைசு கொறையுது, செய்ற சைசு கொறையுறதால பாதிப்பேரு வலதே போதும்னு போயிர்றான். இப்போ கம்ப்யூட்டர் வச்சு இரும்பு வெட்டுற மெஷின்ல டிசைன திருப்பிப் போடுறது பெரிய காரியம் இல்ல, முந்தி மாதிரி தனி அச்சு, தனி தாங்கி எல்லாம் அவ்ளோ தேவையில்ல, ஆனா குடோன்ல முடங்குற காச கம்ப்யூட்டரால எதுவும் பண்ண முடியாது. இடதுகை மாடல் கேட்லாக்ல ஒரு வருஷம் இருக்கும் அடுத்த வருஷம் காணாம போயிரும், திரும்ப வரும், எல்லாம் இந்தக் கணக்கு தான்.

அந்த ரெண்டு ரீல்ல ஒன்னு கடைசியா வித்துச்சு, வாங்குனது யாருன்னு கேளுங்க. வாலிநோக்கம் பக்கத்துல இருந்து வந்த ஒருத்தரு, சுத்தமான சோத்தாங்கைக்காரரு. ஏன் பாய் இடது வாங்குறீங்கன்னேன். "சோத்தாங்கைல தானே வீசுறேன், ராட சோத்தாங்கைலயே வச்சுக்கிட்டு நொட்டாங்கைல சுத்துனா கை மாத்த வேணாம்ல, மாத்துற நேரத்துல தான் பாறை மீனு அத்துக்கிட்டு போகுது"ன்னாரு. எனக்கு பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. டப்பா மேல இடதுன்னு போட்டிருக்குறதுக்கும் ஆளு இடதுகையா இருக்குறதுக்கும் சம்பந்தமே இல்லாம போகலாம். துப்பாக்கிலயும் இப்டி ஒரு கூட்டம் இருக்கு, மேசை மேல மணல் மூட்டைல வச்சு குறி பாக்குற போட்டிக்காரங்க. துப்பாக்கிய மூட்டை தாங்கிக்கும், ஒரு கை ட்ரிக்கர விட்டு நகரவே வேணாம், சும்மா இருக்குற கையால போல்ட்ட இழுக்கலாம், அதனால வேணும்னே எதிர்ப்பக்கம் போல்ட் வச்சு செஞ்சு வாங்குவாங்க. அந்தக் கணக்குல பாத்தா இடதுகைக்காரன் படுத்தோ மேசைலயோ தாங்கல் வச்சு சுட்டா வலது போல்ட் ரைஃபிள் அவனுக்கு கொறையே இல்ல, சௌகரியம் கூட. நின்னுக்கிட்டு நடந்துக்கிட்டு சுடுறப்போ தான் வம்பு.

இதுல கைய விட முக்கியமானது ஒன்னு இருக்கு, கண்ணு. நமக்கு ரெண்டு கண்ணு இருந்தாலும் குறி பாக்குறப்போ மூளை ஒரு கண்ண தான் நம்பும். ஏறக்குறைய மூணுல ரெண்டு பேருக்கு வலது கண்ணு, மிச்சம் பேருக்கு இடது. கையும் கண்ணும் ஒரே பக்கம் இருக்கணும்னு கட்டாயம் இல்ல, சோத்தாங்கைக்காரனுக்கு இடது கண்ணு இருக்கும், நொட்டாங்கைக்காரனுக்கு வலது கண்ணு இருக்கும், ரொம்ப சகஜம். துப்பாக்கி எந்தத் தோளுக்குன்னு முடிவு பண்ண வேண்டியது கண்ணு, பேனா புடிக்கிற கை இல்ல. என்.சி.சி.ல எனக்கு நடந்தது இதான், கை மாறுனது கூட பெருசில்ல, நம்பாத கண்ணால பாக்க வச்சாங்க.

சோதிக்கிறது சுளுவு. ரெண்டு கையையும் நேரா நீட்டி ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல ஒரு சின்ன முக்கோண ஓட்டை வர்ற மாதிரி சேத்துக்குங்க. ரெண்டு கண்ணும் தெறந்து வச்சு அந்த ஓட்டை வழியா தூரத்துல ஒன்ன பாருங்க, நாங்க கடற்கரைல நின்னா கலங்கரை விளக்கம், இல்ல நங்கூரம் போட்ட வள்ளத்தோட பாய்மரம். இப்போ ஒவ்வொரு கண்ணா மூடுங்க. எந்தக் கண்ண மூடுனா விளக்கம் ஓட்டைய விட்டு ஓடிப்போகுதோ அந்தக் கண்ணு தான் உங்க எசமான் கண்ணு. ரெண்டு மூணு தடவ பண்ணிப் பாருங்க, சிலபேருக்கு தெளிவா வராது, அவங்க எந்தத் தோளுலயும் பழகிக்கலாம்.

கையும் கண்ணும் மாறி இருந்தா என்ன பண்றதுன்னு கேட்டா, புதுசா பழகுறவனா இருந்தா கண்ணு பக்கத்துத் தோளுக்கே மாறிடுங்கன்னு தான் நான் சொல்வேன், ஒரு மாசம் கையி தடுமாறும் அப்புறம் சரியாயிரும். வருஷக்கணக்கா பழகுனவன்னா மாத்துறது பெரும்பாடு, அவன் ஸ்கோப்பு வச்சா போதும், ஸ்கோப்புக்குள்ள இருக்குற கோடு ஒரு கண்ணுக்கு தான் தெரியும் மூளை கொழம்பாது. பறக்குற தட்டு சுடுற ஷாட்கன்னுக்கு தான் ரெண்டு கண்ணும் தெறந்து சுடணும், அங்க சிலபேரு எதிர்க்கண்ணாடில ஒரு பொட்டு டேப்பு ஒட்டிக்குவாங்க. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரீஸ் ஒலிம்பிக்ஸ்ல சுட்டாரே, அந்த ட்ராப் போட்டி தான் நான் சொல்றது.

இப்போ மச்சானுக்கு தேவையான விஷயத்துக்கு வரேன், எத வாங்குறது. ஆஸ்திரேலியாவுல 1996-ல போர்ட் ஆர்தர்ங்குற எடத்துல ஒருத்தன் 35 பேர சுட்டுக் கொன்னதுக்கு அப்புறம் செமி ஆட்டோமேட்டிக் எல்லாம் சாதாரண ஆளுக்கு கெடையாதுன்னு ஆக்கிட்டாங்க, அதனால அவருக்கு இருக்குறது பெரும்பாலும் போல்ட்டு, லிவரு, ஒத்தத் தோட்டா தான். அதுவும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியா வாங்குறதுக்கு பெர்மிட். அவரு போறது விக்டோரியா மலைல மிளாவுக்கு. நம்ம மிளா தாங்க, மேற்குத்தொடர்ச்சி மலைல இருக்குற அதே ஜாதி கடமான், 1860கள்ல வெள்ளைக்காரன் இந்தியாவுல இருந்தும் சிலோன்ல இருந்தும் கப்பல்ல ஏத்திட்டுப் போயி அங்க விட்டான், இப்போ பெருகிப்போயி காட்ட திங்குதுன்னு சுடச்சொல்றாங்க. இங்க அத தொட்டா ஜெயிலு, அங்க அத சுட லைசென்ஸு. பெரிய ஒடம்பு, அதனால மிளாவுக்கு சின்ன சைசு தோட்டா கூடாதுன்னு அங்க சட்டமே இருக்கு, ஆக சின்ன சைசுல மட்டும் இடதுகை வர்ற மாடல் அவருக்கு ஒதவாது, இதையும் பாக்கணும்.

போல்ட்டே வேணும்னா இடதுகைய விடாம செஞ்சிட்டு வர்றவன் சாவேஜ், பின்லாந்து டிக்கா, பிரவுனிங், ரூகர். டிக்கா டி3எக்ஸ் இடதுகைல வருது, போல்ட்டு வழுவழுன்னு போகும்னு கையில புடிச்சவங்க எல்லாம் சொல்றாங்க. ரெமிங்டன் 700 இடதுகைல பழசு நெறைய சுத்துது, ஆனா அந்தக் கம்பெனி 2018-லயும் 2020-லயும் ரெண்டு தடவ திவாலாயி துண்டு துண்டா வித்துப்போச்சு, பழசு வாங்குனா நல்லா பாத்து வாங்கணும். பணம் ஒரு பொருட்டே இல்லன்னா ஜெர்மன் பிளேசர் ஆர்8, போல்ட்ட தூக்க வேணாம் நேரா இழுத்தா போதும், இடதுகைக்கு தனியா வருது. பழசுல ஒரு நல்ல விஷயம், இடதுகை ரைஃபிள் வாங்க ஆளு கம்மிங்கறதால விக்கிறவன் ரொம்ப நாள் காத்துக்கிட்டிருப்பான், பேரம் பேசலாம். அதே காரணத்துக்காக நாளைக்கு நீங்க விக்கப்போனாலும் காத்துக்கிட்டு தான் நிக்கணும்.

கையே இல்லாத துப்பாக்கியும் இருக்கு, எனக்கு அதுங்க மேல தான் பிரியம். லிவர் ஆக்‌ஷன்ல இழுக்குற வளையம் ட்ரிக்கருக்கு கீழயே இருக்கு, எந்தக் கையும் இழுக்கலாம். ரூகர் நம்பர் ஒன்னுன்னு ஒரு ஒத்தத் தோட்டா ரைஃபிள் இருக்கு, கீழ லிவர எறக்குனா அடைப்பு எறங்கும், ஒரு தோட்டா போட்டு மூடணும், சேஃப்டி கூட நட்ட நடுவுல கட்டை விரலுக்கு கீழ, அத செஞ்சவனுக்கு இடது வலதுன்னே தெரியாது போல. மடக்கி தோட்டா போடுற இரட்டைக்குழலும் கிட்டத்தட்ட அப்டித்தான், ஆனா அதுல ஒரு சூட்சுமம் உண்டு. நல்ல இரட்டைக்குழல்ல கட்டை நேரா இருக்காது, வலதுகைக்காரன் கண்ணு குழலுக்கு நேரா வர்றதுக்காக லேசா வலது பக்கம் ஒதுக்கி செஞ்சிருப்பான், இடதுகைக்காரன் வச்சா கண்ணு குழலுக்கு நேரா வராது, குறி தள்ளிப்போகும். பாக்க ஒன்னுமே தெரியாது, பின்னாடி இருந்து குழல் வழியா பாத்தா தான் தெரியும். கட்டைல கன்னம் வைக்க மேடு ஒரு பக்கம் மட்டும் இருக்கா, புடிக்கிற எடத்துல உள்ளங்கைக்கு புடைப்பு இருக்கா, சேஃப்டி நடுவுல இருக்கா வலது ஓரத்துல இருக்கா, இதெல்லாம் கைல எடுத்து தோள்ல வச்சுப் பாக்காம வாங்கக்கூடாதுன்னு மச்சான்கிட்ட தலைல அடிச்சு சொல்லிருக்கேன். போல்ட்ட மட்டும் பாத்துட்டு வாங்கிட்டு வந்து கன்னத்துல புண்ணு வந்தவங்க உண்டு.

நம்ம ஊருக்கு வந்தா இந்தக் கதை ரொம்ப சின்னதாயிரும். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் வேட்டைங்கறது படிப்படியா இல்லாமப் போயி 1991 திருத்தத்தோட லைசென்ஸ் வேட்டையும் முடிஞ்சுச்சு. கமுதி, முதுகுளத்தூர் பக்கம் சீமைக்கருவேலங்காட்டுக்குள்ள இருந்து காட்டுப்பன்னியும் மானும் வந்து வயல பாழாக்குறது நெசம் தான், ஆனா வயலுக்குச் சொந்தக்காரன் துப்பாக்கி தூக்க முடியாது. 2025 ஜனவரில தமிழ்நாடு அரசு சொன்னதும், காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால வர்ற பன்னிய வனத்துறை ஆளு சுடலாம்னு தான். வெளிநாட்டுத் துப்பாக்கி எறக்குமதியும் 1980கள்ல இருந்து சாதாரண ஆளுக்கு கெடையாது, போட்டில பேரெடுத்த ஷூட்டருக்கு மட்டும் வழி உண்டு. ஆக இங்க ஒருத்தன் இடதுகை வேட்டை ரைஃபிள் தேடுறான்னா கடையும் இல்ல, காடும் இல்ல.

ஏர் ரைஃபிள் மட்டும் தான் நம்ம பசங்களுக்கு. பாயிண்ட் 177 சைசு, 20 ஜூல் சக்திக்கு மேல போகாதுன்னா லைசென்ஸ் வேணாம். இங்க இடதுகைக்காரனுக்கு நல்ல சேதி, நம்ம நாட்டுல செய்ற சாதா ஏர் ரைஃபிள் குழல மடக்கி பெல்லட் போடுறது, போல்ட்டும் கெடையாது கூடும் தெறிக்காது, ரெண்டு தோளுக்கும் பொது. போட்டிக்கு போனா ஃபைன்வெர்க்பாவ், ஆன்ஷூட்ஸ், வால்தர் மாதிரி ஜெர்மன் கம்பெனிக இடதுகைக்குன்னே தனியா செய்றாங்க, வேட்டைக்காரன விட ஒலிம்பிக்ஸ்காரன் இந்த விஷயத்துல குடுத்து வச்சவன். லைசென்ஸ் வேணாம்ங்கறத வச்சு மேலச்செல்வனூர், சித்திரங்குடி கண்மாய்ப் பக்கம் கொக்கு நாரைய சுடப்போற பசங்கள பாத்திருக்கேன், துப்பாக்கிக்கு லைசென்ஸ் வேணாம்னா பறவைக்கு சட்டம் இல்லன்னு அர்த்தம் கெடையாது, மாட்டுனா வனத்துறை கேஸு தான். தனுஷ்கோடில பூநாரைய பாக்க உலகமே வருது, அத விட்ருங்கப்பா.

மச்சான் கதை என்னாச்சுன்னா, கண்ணு சோதனைய வீடியோ கால்ல வீட்ல எல்லாரையும் பண்ண வச்சேன். அவருக்கு இடது கை, இடது கண்ணு, சந்தேகமே இல்ல. மிளா ரைஃபிள் இப்போதைக்கு வேணாம், முதல்ல கிளப்புல பழகிக்கங்கன்னு சாவேஜ் மார்க் டூ, பாயிண்ட் டூ டூ, இடதுகை மாடல் பழசு ஒன்னு வாங்க வச்சேன். லாத்தாவுக்கு வலது. அவங்க மகளுக்கு பதினாலு வயசு, எழுதுறது சாப்புடுறது எல்லாம் சோத்தாங்கை, ஆனா எந்தப் பக்கம் திருப்பி சோதிச்சாலும் இடது கண்ணு. அங்க பன்னெண்டு வயசுல இருந்தே ஜூனியர் லைசென்ஸ் உண்டு, பெரியவங்க கூட இருந்தா சுடலாம். போன ஞாயித்துக்கிழமை அவ அத்தாவோட ரைஃபிள இடது தோள்ல வச்சு சுட்ட பேப்பர போட்டோ எடுத்து அனுப்பிருக்கா, அஞ்சும் ஒரு அம்பது பைசா அகலத்துக்குள்ள. பக்கத்துலயே மச்சான் சுட்ட பேப்பரையும் சேத்து அனுப்பிருக்கா, அத நான் இங்க சொல்லல.